மேட்ரனும் ஆட்டின் ஒன்பதும்

2023 ஒக்டோபர் 18, புதன்கிழமை, பிற்பகல் மூன்று மணி நாற்பத்திரண்டு நிமிடம். காலையிலிருந்து பதுளையில் வெயில். இரண்டரைக்கு நமுனுகுலை மலைப் பக்கம் வானம் கறுத்தது. மூன்றரைக்கு முதல் இடி. மழை இன்னும் நாங்கள் சீட்டாடுகிற மண்டபத்துத் தகரக் கூரைக்கு வந்து சேரவில்லை. அந்த நிமிடத்தில்தான் என் மச்சானின் கையிலிருந்து ஒரு சீட்டு, சிவப்பு இதயம் போட்ட ஆட்டின் இனத்து ஒன்பது, நழுவி, முகம் மேலாக மேசையில் விழுந்தது. பக்கத்தில் இருந்த எதிராளி டீமேக்கர் உடனே கையை உயர்த்தி, "மேட்ரன்!" என்று கூப்பிட்டார்.

வந்து நின்றவரைப் பற்றித்தான் எழுதுகிறேன். பெயர் எழுத மாட்டேன். ஊரில் எல்லாருக்கும் அவர் மேட்ரன். ஆஸ்பத்திரி வாட்டுகளை முப்பத்தொரு வருஷம் ஆட்டிவைத்து ஓய்வு பெற்றவர். ஐந்தடிக்கு ஓர் அங்குலம் குறைவு. சேலையின் தோளில் நர்ஸ்மார் குத்துகிற தலைகீழ்க் கடிகாரம். கையில் ஆட்டத்தின் விதிப்புத்தகம். அதற்குப் பள்ளிப் பிள்ளையின் கொப்பிக்குப் போடுவது போலப் பழுப்புத் தாளில் உறை. பக்க அடையாளத்துக்குப் பழைய எக்ஸ்ரே படத்தை நீளநீளமாக வெட்டிச் செருகியிருப்பார். மொத்தம் பதினான்கு கீற்று. ஒன்றில் யாருடையதோ விரல் எலும்பு தெரியும்.

பங்குக் கோயிலுக்குப் பின்னால் இருந்த மண்டபத்தில் புதன்கிழமைதோறும் பிரிட்ஜ் ஆடினோம். நாலு மேசை, எட்டு ஜோடி, பதினாறு பேர். எதிரெதிரே உட்காருகிறவர்கள் கூட்டாளிகள். மேசைக்கு மேசை புதிதாகக் குலுக்கிப் போடுகிற ஆட்டம் அல்ல இது. ஒருமுறை பிரித்த நாலு கையும், அதாவது ஆளுக்குப் பதின்மூன்று சீட்டும், நாலு பை வைத்த ஒரு பலகையில் செருகப்பட்டு, எல்லா மேசைக்கும் போகும். எல்லாரும் அதே சீட்டைத்தான் ஆட வேண்டும். அதை யார் நன்றாக ஆடினார் என்று கடைசியில் ஒப்பிட்டுப் புள்ளி கொடுப்பார்கள். ஆகவே சீட்டு வாய்க்கவில்லை என்று ஒருவரும் அழ முடியாது. மிஞ்சுவது ஒரே சாக்குத்தான்: மேட்ரன் அநியாயம் பண்ணிவிட்டார்.

ஏனென்றால் அவர் ஆடமாட்டார், அவர்தான் நடுவர். யாராவது முறை மாறிச் சீட்டு இறங்கினால், சீட்டு கைதவறி விழுந்தால், கையில் கேட்ட இனம் இருக்கும்போதே வேறு இனத்தைப் போட்டால், ஆடுகிறவர்கள் தங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளக் கூடாது. கையை உயர்த்தி அவரைக் கூப்பிட வேண்டும். அவர் மேசை மூலையில் வந்து நின்று ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

"என்ன நடந்துச்சு?"

ஏன் நடந்தது என்று யாராவது ஆரம்பித்தால் புத்தகத்தை மூடிவிடுவார். மூடிய புத்தகத்தை வயிற்றோடு அணைத்துக்கொண்டு சும்மா நிற்பார். காரணம் சொல்லி முடித்து, வெட்கப்பட்டு, நடந்ததை மட்டும் ஒருவர் சொல்லும்வரை அப்படியே நிற்பார். ஒருமுறை மூன்றரை நிமிடம் நின்றார். நான் பார்த்தேன்.

பிறகு திறப்பார். எல்லா விதியும் அவருக்கு மனப்பாடம் என்பது ஊருக்கே தெரியும். என்றாலும் விரலை வரிக்குக் கீழே வைத்து, ஆங்கிலத்தில் ஒருதரம் வாசித்து, தமிழில் ஒருதரம் சொல்வார். "நான் சொல்லல்ல. இதுல இருக்கு" என்பார். அந்த விரலை நான் எத்தனையோ நாள் ஒடிக்க நினைத்திருக்கிறேன்.

டீமேக்கருக்கு நடந்ததைச் சொல்கிறேன். பண்டாரவளைப் பக்கத்து ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருபத்தெட்டு வருஷம் தொழிற்சாலையை நடத்தியவர். குரலும் ஆளும் பெரிது. ஒருநாள் கையில் இஸ்பேட் இருக்க, இல்லையென்று கிளாவரைப் போட்டுவிட்டார். இரண்டு சுற்றுக் கழித்து அந்த இஸ்பேட் வெளியே வந்தது. மேட்ரன் வந்தார்.

"ஒட்டிக்கிச்சு அம்மா. கிளாவருக்குப் பின்னால ஒட்டிக்கிட்டு இருந்திச்சு. நான் வேணும்னு செய்வேனா?" என்றார் டீமேக்கர்.

"வேணும்னு செஞ்சிருந்தா அதுக்கு வேற பக்கம் இருக்குங்க. அதையும் வாசிக்கவா?"

மண்டபமே சிரித்தது. டீமேக்கர் தான் ஜெயித்த சுற்றுகளிலிருந்து இரண்டு பிடியைத் தண்டமாகக் கொடுத்துவிட்டு, அடுத்த இரண்டு புதன் வரவில்லை.

பங்குத் தந்தையையும் அவர் விடவில்லை. ஃபாதர் நல்ல ஆட்டக்காரர். ஆனால் கை மோசமாக இருந்தால் ஒரு பெருமூச்சு, நன்றாக இருந்தால் வேறொரு பெருமூச்சு. கூட்டாளியான போஸ்ட்மாஸ்டருக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியும். எத்தனை பிடி எடுப்போம் என்று கேட்கிற ஏலத்தில் ஃபாதர் மூச்சை இழுத்து விட்டு 'பாஸ்' என்றார், போஸ்ட்மாஸ்டர் துணிந்து மேலே கேட்டார், ஜெயித்தும் விட்டார்கள். எதிரணி மேட்ரனைக் கூப்பிட்டது. அவர் அந்த ஏலத்தையே செல்லாதென்று அடித்துப் பழைய நிலைக்குப் புள்ளியைத் திருப்பினார்.

"பெருமூச்சு விடுறதும் பாவமா, மேட்ரன்?"

"பாவமா இல்லையான்னு உங்க புத்தகத்துல பாருங்க ஃபாதர். என் புத்தகத்துல அது கூட்டாளிக்குத் தகவல்."

மறுநாள் காலைப் பூசைக்கு வந்து, அதே ஃபாதரிடம் நாக்கை நீட்டி நன்மை அப்பம் வாங்கிக்கொண்டு போனாராம். அவருக்கு மேசையில் நடந்தது மேசையோடு சரி. எனக்கு அப்படியில்லை. நாலு வருஷத்தில் அவர் எனக்கு எதிராகச் சொன்ன தீர்ப்பு பதினேழு. அதில் பதினொன்று சரி என்று நானே ஒப்புக்கொள்கிறேன். மிச்சம் ஆறைப் பற்றித்தான் பேச்சு.

உண்மையில் கணக்கு அதற்கும் முந்தியது. நான் மடுல்சீமையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் சின்னக் கிளாக்கராக இருந்த காலத்தில் அவர் அதே தோட்டத்து ஆஸ்பத்திரியில் இளம் நர்ஸ். தொழிற்சாலையில் கொழுந்து உலர்த்துகிற தட்டிலிருந்து வேலைக்கார அக்கா ஒருவர் கீழே விழுந்து இடுப்பு உடைந்தது. தொழிலாளர் குடியிருக்கிற லயத்துப் படியில் விழுந்ததாக எழுதி வாங்கிவா என்று தோட்டத்து மேலாளரான தொரை ஒரு சீட்டுக் கொடுத்து என்னை அனுப்பினார். ஒபீசிலிருந்து ஆஸ்பத்திரிக்கு ஒன்றேகால் மைல், மழை, ரோடு என்று சொல்ல ஒன்றும் இல்லாத காலம்.

அவர் சீட்டை வாசித்துவிட்டு, "என்ன நடந்துச்சுன்னு அந்த அக்கா சொல்லிட்டாங்க. இது யாரு சொன்னது?" என்றார்.

"தொரைங்க."

"தொரை அங்க விழுந்தாரா?"

திரும்பிப் போனேன். தொரை காகிதத்தை என் முகத்துக்கு நேரே ஆட்டி, "எழுத வைக்கத் தெரியாத உனக்கெல்லாம் கிளாக்கர் வேலை" என்று, கங்காணிமார் ஐந்து பேர் முன்னிலையில், திரும்ப அனுப்பினார். மறுபடியும் ஒன்றேகால் மைல். மறுபடியும் அவர் தொழிற்சாலை என்றே எழுதிக் கையில் கொடுத்தார். ஐந்து மைல் நனைந்தது நான். அந்த அக்காவுக்கு நஷ்டஈடு கிடைத்தது, நல்லது. எனக்கு அந்த வருஷம் கிடைக்க வேண்டிய சம்பள உயர்வு கிடைக்கவில்லை. அவர் செய்தது சரி என்பதனால் என் காய்ச்சல் குறைந்துவிடவில்லை.

இனி அந்தப் புதன்கிழமை.

மச்சான் என் மனைவியின் அண்ணன்; அவரும் என்னை மச்சான் என்றுதான் கூப்பிடுவார். பிரிட்ஜில் ஒன்பது வருஷம் எனக்குக் கூட்டாளி. அதற்கு முந்தி ஐம்பது வருஷம் நாங்கள் எல்லாரும் ஆடியது முந்நூற்று நாலு என்கிற வேறு சீட்டாட்டம். இரண்டு வருஷமாக அவருக்குக் கைநடுக்கம். பதின்மூன்று சீட்டை விசிறி போலப் பிடிக்க முடியாமல், நெஞ்சோடு சாய்த்து வைத்துக்கொள்வார். அன்று நடந்தது வருஷத்துக்கு ஒருமுறை வரும் கோப்பை ஆட்டம். அதுதான் தன் கடைசி ஆட்டம் என்று சொல்லிவிட்டார். கோப்பை ஒருமுறையாவது வீட்டுக்கு வர வேண்டும் என்று ஆசை. ஷோகேஸின் நடுத்தட்டில் இருந்த கண்ணாடி அன்னத்தை அவர் மனைவி, எங்கள் அக்கா, முந்தின நாளே எடுத்து ஓரமாக வைத்துவிட்டார்.

பதினாறாவது பலகை. டீமேக்கர் இஸ்பேட் துரும்பில் பதின்மூன்றில் பத்துப் பிடி எடுப்பதாக ஏற்றிருந்தார். நாங்கள் நாலு பிடி எடுத்தால் அவர் தோற்பார். மச்சான் ஏலத்திலேயே ஆட்டின் கேட்டிருந்தார். அவரிடம் ஆட்டினில் ஏஸும் கிங்கும் இருக்கும் என்பதை நான் அப்போதே கணக்கிட்டுவிட்டேன். மூன்றாம் சுற்றில் வேறு சீட்டை எடுக்கப் போனவரின் கையிலிருந்து ஒன்பது விழுந்தது.

"ஐயய்யோ, ஒன்பதே விழுந்திருச்சே!" என்றார் டீமேக்கர். அவருடைய கூட்டாளி உச்சுக் கொட்டினார். நானும் தலையில் கை வைத்தேன்.

மேட்ரன் வந்தார். "என்ன நடந்துச்சு?"

"கை நடுங்குது மேட்ரன். உங்களுக்குத் தெரியாததா? நீங்களே நர்ஸ்" என்றேன்.

புத்தகம் மூடியது. மச்சானின் காது மடல் சிவந்ததைப் பார்த்தேன்.

"விடுங்க மச்சான்" என்று என்னிடம் சொன்னவர், மேட்ரனைப் பார்த்து, "ஆட்டின் ஒன்பது விழுந்திருச்சுங்க. தவறித்தான்" என்றார்.

மேட்ரன் வாசித்தார். தடுத்து ஆடுகிறவரின் கையிலிருந்து விழுந்த சீட்டு தண்டனைச் சீட்டு. மேசையிலேயே முகம் மேலாகக் கிடக்க வேண்டும். அது ஆனர் சீட்டானால், அதாவது பெரிய சீட்டானால், தண்டனையும் பெரிது: அவருடைய கூட்டாளிக்கு இறங்கும் முறை வரும்போது 'அந்த இனத்தை இறங்காதே' என்று எதிராளி தடுக்கலாம். ஆனருக்குக் கீழான சீட்டு கைதவறி விழுந்தால் தண்டனை சின்னது; அந்தத் தடை கிடையாது. ஒரு வரி விடாமல் வாசித்தார். வாசித்துவிட்டு ஒன்பதைப் பார்த்தார்.

"இது பெரிய சீட்டு" என்றார்.

நாலு பேரும் தலையாட்டினோம். நானும்.

அடுத்த சுற்றில் பிடி என்னிடம் வந்தது; அது எங்களுடைய இரண்டாவது பிடி. ஆட்டினை இறங்கினால் மச்சானின் ஏஸும் கிங்கும் சேர்ந்து நாலு. டீமேக்கர் சிரித்துக்கொண்டே, "ஆட்டின் வேணாங்க, கிளாக்கரய்யா" என்றார். டைமன் இறங்கினேன். அதில் அவர் தன் ஆட்டின் ஒன்றைக் கழித்துவிட்டுப் பத்துப் பிடியையும் எடுத்தார்.

மாலை புள்ளி கூட்டியபோது முதல் ஜோடிக்கு 79. எங்களுக்கு 76. இரண்டாம் இடம்.

குடையை விரிக்க மச்சானுக்கு நாலு முயற்சி வேண்டியிருந்தது.

வியாழன் காலை பத்து இருபதுக்கு, மேட்ரன் எப்போதோ எங்களுக்குப் பிரதி எடுத்துக் கொடுத்த விதித்தாள்களை எடுத்து வைத்துக்கொண்டு தேடினேன். முதல் தாளிலேயே இருந்தது. ஆனர் என்றால் ஏஸ், கிங், குயின், ஜேக், பத்து. அவ்வளவுதான். ஐந்து. ஒன்பது இல்லை.

எப்படி என்று விளங்க எனக்கு ஒரு நிமிடம் ஆகவில்லை. முந்நூற்று நாலில் ஜேக்குக்கு முப்பது. அடுத்தது ஒன்பது, அதற்கு இருபது. ஏஸ் பதினொன்று, பத்துக்குப் பத்து, கிங்குக்கு மூன்று, குயினுக்கு இரண்டு. கூட்டினால் எழுபத்தாறு, நாலு இனத்துக்கும் முந்நூற்று நாலு. லயத்திலும் குவார்ட்டஸிலும் ஆஸ்பத்திரி நைட் டியூட்டியிலும் அந்த ஆட்டத்தில் ஊறியவர்கள் நாங்கள். ஒன்பது விழுந்தால் எங்களுக்கு வீட்டில் களவு போன மாதிரி. அவருக்கும் அப்படித்தான். வாசித்தது பிரிட்ஜ்; பார்த்த கண் முந்நூற்று நாலு.

முதல்முறையாக அவர் பிடிபட்டார். அன்று காலை இரண்டு தேத்தண்ணி அதிகமாகக் குடித்தேன்.

மண்டபச் சுவரில் ஓர் அறிவித்தல் உண்டு, மேட்ரனின் கையெழுத்தில்: தீர்ப்பில் பிழை இருந்தால் வெள்ளி மாலை ஆறு மணிக்குள் சொல்ல வேண்டும், பிறகு புள்ளி மாறாது. எனக்கு அது தெரியும். போனை எடுத்துச் சொல்லியிருந்தால், அவர் திருத்தியிருப்பார். அந்த ஒரு பலகையில் எங்களுக்கு வந்தது ஒரு புள்ளி, ஐந்து வந்திருக்கும். 76 எண்பதாகும். கோப்பை மச்சானுக்கு.

ஆனால் போனில் சொன்னால் என்ன நடக்கும்? 'பிழைங்க' என்று ஒரு வார்த்தை சொல்லித் திருத்திவிடுவார். எவ்வளவு நேர்மையான மனுசி என்று ஊர் இன்னும் இரண்டு படி ஏற்றிவைக்கும். ஞாயிறு பரிசளிப்பு. பண்டாரவளையிலிருந்தும் மொனராகலையிலிருந்தும் ஆட்டக்காரர்கள் வருவார்கள். அவர்கள் முன்னால் அந்தப் புத்தகத்தை அவர் கையாலேயே திறக்கவைக்க வேண்டும். சபை முன்னால் மானம் போனால் ஆறு மணியாவது ஏழு மணியாவது, கோப்பையைத் தூக்கிக் கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்று கணக்குப் போட்டேன்.

வெள்ளி மாலை ஐந்து ஐம்பதுக்கு மனைவி போனைக் கொண்டுவந்து முன்னால் வைத்தாள். அவளிடம் மட்டும் சொல்லியிருந்தேன்.

"பேசுறீங்களா இல்லியா? எங்க அண்ணன் மூணு நாளா சரியா சாப்பிடல்லயாம்."

"ஞாயித்துக்கிழமை சேத்துச் சாப்பிடுவாரு. சும்மா இரு."

"உங்களுக்குக் கப்பு வேணுமா, மேட்ரன் வேணுமா?"

போனைக் கவிழ்த்து வைத்தேன். கோயில் மணி ஆறு அடித்தது.

ஞாயிறு நாற்பத்தெட்டு கதிரை போட்டு, நாற்பத்து மூன்று பேர் வந்திருந்தார்கள். கோப்பை மேசையில் வெள்ளைத் துணிமேல் இருந்தது. ஃபாதர் ஆரம்ப ஜெபம் முடித்ததும் நான் எழும்பினேன். மச்சான் என் சட்டையைப் பிடித்து இழுத்தார், தட்டிவிட்டேன்.

"மேட்ரன், ஒரு கேள்வி. ஒன்பது எந்தப் புத்தகத்துல ஆனர்?"

அவர் எழும்பி நின்று, "என்ன நடந்துச்சு?" என்றார். அவருக்குப் பழக்கமான முறையிலேயே சொன்னேன். காரணம் இல்லை, மிகை இல்லை. பலகை பதினாறு, ஆட்டின் ஒன்பது, பெரிய தண்டனை, டீமேக்கர் போட்ட தடை, போன நாலு புள்ளி. ஐம்பது வருஷம் காத்திருந்து பேசியது போல் வந்தது.

அவர் எக்ஸ்ரே கீற்று ஒன்றைப் பிடித்துத் திறந்தார். விரலை வைத்தார். வாசிக்கவில்லை. நாற்பது வினாடி, நான் எண்ணினேன். முகம் வெளிறியதை மூன்றாம் வரிசையிலிருந்து பார்த்தேன். ஒளிக்காமல் சொல்கிறேன், அந்த நாற்பது வினாடி எனக்கு நன்றாக இருந்தது.

"ஒன்பது ஆனர் இல்ல" என்றார் சத்தமாக. "நான் சொன்னது பிழை. முந்நூத்தி நாலு ஞாபகத்துல சொல்லிட்டேன்." பிறகு என்னைப் பார்த்தார். "எப்ப கண்டுபுடிச்சீங்க?"

சனி இரவு என்று சொல்லியிருக்கலாம். ஆனால் மூன்று நாள் அவரை என் பைக்குள் வைத்திருந்தேன் என்பதும் எல்லாருக்கும் தெரிய வேண்டாமா?

"வியாழக்கிழமையே" என்றேன்.

"எத்தன மணிக்கு?"

"காலையில பத்து இருபது."

அப்போதுதான் அவர் பார்வை என்னை விட்டு என் பக்கத்துக் கதிரைக்குப் போனது. நான் திரும்பவில்லை. மச்சான் மூச்சு விடுவது மட்டும் கேட்டது.

"வெள்ளி ஆறு மணி தாண்டிருச்சு" என்றார் மேட்ரன். "என் பிழைக்காக நான் விதிய மாத்த ஏலாது. புள்ளி அப்படியே நிக்கும்." மச்சானைப் பார்த்து, "மன்னிச்சிருங்க ஐயா" என்றார். புத்தகத்தைக் கொண்டுபோய் ஃபாதரின் கையில் வைத்தார். "இனி நான் நடுவரா நிக்கமாட்டேன்."

ஆக, ஜெயித்துவிட்டேன். நான் கேட்டதெல்லாம் நடந்தது. கோப்பையை வேறு இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள். கைதட்டியவர்கள் யாரும் என் பக்கம் பார்க்கவில்லை.

மண்டபத்திலிருந்து மச்சான் வீட்டுக்கு எழுநூற்றுப் பத்துக் காலடி. பாதி வழியில், பேக்கரி வாசலில் அவர் நின்றார்.

"மச்சான், வியாழக்கிழம பின்னேரம் நீங்க வீட்டுக்கு வந்தீங்க. தேத்தண்ணி குடிச்சீங்க. அந்த ஷோகேஸுக்கு நேரா ஒக்காந்திருந்தீங்க."

"ஆமா. அது வந்து..."

"என் கை நடுங்குது. சீட்டு விழும். விழுந்தா எடுத்துக் குடுக்கிற ஆளுதான் கூட்டாளி. நீங்க எடுத்து உங்க சட்டச் சேப்புக்குள்ள வச்சிக்கிட்டீங்க."

அவ்வளவுதான். சண்டையில்லை. அக்கா எங்கள் வீட்டுக்கு வருவார், நாங்கள் அங்கே போவோம். கறி சமைத்தால் பகிர்ந்துகொள்வோம். சீட்டு மட்டும் இல்லை.

மூன்று கிழமை கழித்து மேட்ரன் மச்சான் வீட்டுக்குப் போயிருக்கிறார். நான் அங்கே இல்லை, மனைவி இருந்தாள். பண்டாரவளைத் தச்சர் ஒருவரிடம் சொல்லி, வளைந்த பலகையில் நீளவாட்டில் பள்ளமாக ஒரு காடி வெட்டுவித்து எடுத்துப் போயிருந்தாராம். பதின்மூன்று சீட்டும் அதில் நிமிர்ந்து நிற்கும்; கையில் பிடிக்க வேண்டியதில்லை.

"கப்ப என்னால திருப்பித் தர ஏலாதுங்க. சீட்டு விழாமப் பாத்துக்கலாம்" என்றாராம்.

"நல்லாத்தான் இருக்கு மேட்ரன். ஆனா கூட்டாளி இல்லியே."

"நானும் இப்ப சும்மாதான் இருக்கேன்."

நவம்பர் 15, புதன்கிழமை, என் கதிரையில் மேட்ரன் வந்து உட்கார்ந்தார். ஃபாதர் நடுவரானார். அவருடைய கூட்டாளி போஸ்ட்மாஸ்டரை என் தலையில் கட்டினார்கள். பெருமூச்சு இல்லாமல் அந்த மனிதருக்கு ஏலம் கேட்கத் தெரியாது.

அந்த அம்மாவால் ஆட முடியும் என்பது எங்களில் யாருக்கும் தெரியாது. அத்தனை வருஷம் நாலு மேசையையும் நின்றுகொண்டே பார்த்தவர். யார் எப்போது பயப்படுவார், யார் எந்தச் சீட்டை இறுக்கிப் பிடிப்பார் என்று எல்லாம் படித்து வைத்திருந்தார். என்னைத்தான் அதிகம் படித்திருக்கிறார். மச்சான் அந்தக் காடிப் பலகைக்குப் பின்னால் நிமிர்ந்து உட்கார்ந்து, பத்து வயது குறைந்தவர் போல, "இறங்குங்க மச்சான், இறங்குங்க. எண்ணினது போதும்" என்று வாயைக் கிளறுவார். மேட்ரன் சிரிப்பார். பல் வரிசை தெரிய அவர் சிரித்து அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

ஒருமுறை மேட்ரனே பிழை விட்டார். கையில் டைமன் இருக்க வேறு போட்டுவிட்டார். நான் கவனிக்கவில்லை, போஸ்ட்மாஸ்டர் தூக்கத்தில். ஆட்டம் முடிந்ததும் அவரே கையை உயர்த்தி, "ஃபாதர்!" என்றார். தன் பிழையைத் தானே காட்டிக்கொடுக்க வேண்டும் என்று அந்தப் புத்தகம் கேட்கவேயில்லை. நான் தேடிப் பார்த்துவிட்டேன். ஃபாதர் எங்களுக்கு ஒரு பிடி கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். நன்றி சொல்லவில்லை.

2025 ஜனவரி 29 மேட்ரனின் கடைசிப் புதன். நீர்கொழும்பில் தங்கையோடு இருக்கப் போகிறார் என்றார்கள். அவர் போன பிறகு மறுபடி கூட்டாளியாக ஆடலாமா என்று மச்சானிடம் வெட்கத்தை விட்டுக் கேட்டுப் பார்த்தேன். "கை ஓஞ்சிருச்சு மச்சான்" என்றார். அந்தக் காடி வெட்டிய பலகை ஷோகேஸின் நடுத்தட்டில் இருக்கிறது. கண்ணாடி அன்னம் இன்னும் ஓரத்தில்தான்.

அந்தக் கடைசிப் புதனும் அவர்கள் இருவரும் எங்களோடு மூன்று பலகை ஆடினார்கள். மூன்றிலும் எங்களைத் தோற்கடித்தார்கள். சீட்டுகளைப் பைகளில் செருகிவிட்டு மேட்ரன் என்னைப் பார்த்தார். பதினான்கு மாதத்தில் விளையாட்டுக்கு வெளியே என்னோடு பேசியது அதுதான்.

"கிளாக்கரய்யா, நீங்க எண்ணியிருப்பீங்க. நாங்க ரெண்டு பேரும் உங்களோட மோதினது எத்தன பலகை?"

"ஐம்பத்தெட்டுப் புதன். மூணு மூணா நூத்தி எழுவத்தி நாலு."

"பலகைக்கு ஆகக் கூடினது ஆறு புள்ளி. பாதிக்குப் பாதி வந்திருந்தா?"

"ஐந்நூத்தி இருபத்தி ரெண்டு."

"உங்களுக்கு வந்தது?"

"நானூத்தி முப்பத்தி ஒன்னு."

மச்சான் பலகையைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை. "அன்னைக்குக் கப்புல போனது நாலு புள்ளி. இதுல குறைஞ்சது எவ்வளவு மச்சான்?" என்றார்.

"தொண்ணூத்தி ஒன்னு" என்றேன்.